நாலாயிரம் ஹேர்ட்ஸ்

திருக்கோணமலை ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
ஒரு கண்ணாடிக் கூண்டு.
உள்ளே கதிரை, ஹெட்போன்,
சத்தம் கேட்டால் அமத்த ஒரு பொத்தான்.
வெளியே நான்.

அட்டையில் 'தொழில்' என்றொரு கட்டம்.
ஓய்வுபெற்றவர்கள் அதில்
'அரச சேவை' என்று மட்டும் எழுதுவார்கள்.
எழுதட்டும்.
மிச்சத்தைக் காது சொல்லும்.

இடக்காதில் மட்டும் கோடு பள்ளத்தில் விழுந்தால்
ஆள் வலத்தோளில் துவக்கை அணைத்தவர்.
வலக்காதை அவருடைய தலையே
நிழல்போல மறைத்துக் காத்திருக்கிறது.
இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால்
வேகப்படகு:
இரட்டை இயந்திரத்துக்கு முதுகைக் கொடுத்து
நின்றே கழிந்த இளமை.

கொமாண்டோ என்றால்
காதுக்கு முன்னமே கணுக்கால் அறைக்குள் வரும்,
பரசூட்டில் இறங்கிய ஏதோ ஒரு நாளை நொண்டிக்கொண்டு.
அவர்கள் கதவை உடைத்துப் போகிறவர்கள்.
நாலு சுவருக்குள் வெடித்த வெடியின் எச்சம்
இன்னும் ரீங்கரிக்கிறதாம், கொதிக்கும் கேத்தல் மாதிரி.

கதவே இல்லாத இடத்தால் போய்வருகிறவர்கள் வேறு.
அபேகோன் அப்படி ஒருவர்.
ஆறு பேராய்க் காட்டுக்குள் இருபது நாள்,
பேச்சு முழுக்க விரல்களில்.
சில்வண்டுதான் காவல் என்றார்:
அது கத்தும்வரை பயமில்லை,
சட்டென்று நின்றால் யாரோ வருகிறான்.
நாலாயிரம் ஹேர்ட்ஸைக் கூட்டிக் கூட்டிப் போட்டேன்.
கை அசையவில்லை.
அந்த உயரத்தில்தான் சில்வண்டு கத்தும்.
அவருக்கு அது நின்று பன்னிரண்டு வருசம்.
பன்னிரண்டு வருசமாய்
யாரோ வந்துகொண்டே இருக்கிறான்.

கடலுக்கடியில் போனவர்களின் காது இன்னொரு சாதி.
செவிப்பறையில் ஊசித்துவாரம்,
ஓரத்தில் பழைய தழும்பு.
கலுஆரச்சிக்கு அது இடப்பக்கம்.
கப்பல்களின் அடிவயிற்றைத்
தடவித் தடவிப் பார்ப்பது அவர் வேலை,
யாராவது ஏதாவது ஒட்டிவிட்டுப் போனார்களா என்று.
அதே புதன்கிழமை, அதே வாங்கில்
சம்பூர் கௌரிபாலன்.
தொழில்: கடற்றொழில்.
அவருக்கும் இடப்பக்கம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு ஏழு வயதில்
உட்துறைமுகத்தில் இரவிரவாய் வெடி போடுவார்கள்,
சுழியோடிகள் கிட்ட வரக்கூடாதென்று.
எங்கள் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.
பத்துவரை எண்ணினால் அடுத்தது.
சிலநாள் பன்னிரண்டு.
அந்தத் தண்ணிக்குள் எத்தனை காதென்று
அப்போது யோசிக்கத் தெரியாது.

கரண்ட் போய் வந்ததில்
இரண்டு பேரின் தாளும் பெயரில்லாமல் வெளியே வந்தது.
ஜன்னலில் வைத்து
ஒன்றின்மேல் ஒன்றைப் பிடித்தேன்.
கோடுகள் ஒன்றையொன்று மிதித்தபடி
ஒரே பள்ளத்தில் இறங்கின.
மாத்தறையிலிருந்து வந்த புது டொக்டர்
"எது யாருடையது, மிஸ்?" என்றார்.
பதினெட்டு வருசம் காது பார்த்தவள்,
ஒரு வெட்கம் வந்தது எனக்கு.
"திரும்ப எடுக்கவேணும், சேர்."

வெளியே அவர்களோ
கொரிடோர் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
"மூதூர் பஸ் போட்டுதா?"
"மொக்கக்த?"
"பஸ்! பஸ்!"
மூச்சுக்குமிழிகூட மேலே தெரியாமல்
இந்த ஊரின் அடியால் நீந்திய இரண்டு பேர்.
தாதி வந்து விரலை உதட்டில் வைத்தாள்.
முற்றத்துப் புள்ளிமான் ஒன்று
ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டு
லஞ்ச் ஷீற்றைத் தொடர்ந்து சப்பியது.

முதலில் யாரை உள்ளே விடுவது?
கலுஆரச்சி கையைக் காட்டி வழிவிட்டார்,
விரல்கள் சேர்ந்து, மணிக்கட்டு மடங்கி,
தண்ணிக்குள் காட்டுகிற மாதிரி.
கௌரிபாலனுக்கு அது விளங்கியது.
விளங்கியதைக் காட்டாமல் உள்ளே போய் இருந்தார்.

கதவைச் சாத்தினேன்.
ஐநூறு. ஆயிரம். இரண்டாயிரம்.
பொத்தான் எரிந்தது, எரிந்தது, பிந்தி எரிந்தது.
நாலாயிரம்.